விரல் செய்த குற்றமா?

மூன்றாம் ஆண்டு மாணவர், இளம் அறிவியல் (இயற்பியல்)

வீட்டுக்கு ஒரு பரண் உண்டு. பரணுக்கு ஒரு வரலாறும் உண்டு. எங்கள் வீட்டுப் பரணில் தாத்தா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பொருள்கள் மூன்று இருந்தன: ஒரு தகரப் பெட்டி, ஒரு கறுப்புக் குடை, ஒரு மின்சாரக் கிதார். பெட்டியிலிருந்த போர்வைகளை எலி தின்றது. குடையை இரவல் வாங்கிப் போனவர் திருப்பித் தரவில்லை. கிதாரை மட்டும் எலியும் தீண்டவில்லை, இரவலுக்கும் எவரும் கேட்கவில்லை. வீட்டில் அதற்கு 'ஊமை' என்று பெயர். "அந்த ஊமையைத் தள்ளிவிட்டுப் பெரிய அண்டாவை இறக்கு" என்பார் அம்மா.

சென்ற கோடை விடுமுறையில் அந்த ஊமையைக் கீழே இறக்கிப் பேசவைத்த கதையையே இங்கே சொல்ல வந்தேன். இது ஒரு கிதாரின் கதை மட்டுமன்று. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு மனிதர் தம் விரல்கள்மீது சுமத்தியிருந்த பழியின் கதையும்கூட.

அந்த மனிதர் என் பெரியப்பா. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்துவந்த தாத்தா, 1971 இல் விடுமுறைக்கு ஊர் வந்தபோது தம் மூத்த மகனுக்கென்று அந்தக் கிதாரைக் கொண்டுவந்தார். பெரியப்பாவுக்கு அப்போது 16 வயது. திரைப்பாடல்களில் கிதாரின் ஒலி பெருகிவந்த காலம். 1976 இல் 'அன்னக்கிளி'யின் வழியே நாடறிந்த இளையராஜாவே, அதற்கு முன் பிற இசையமைப்பாளர்களிடம் கிதார் வாசித்துவந்தவர்தாம். எங்கள் ஊரில் எலெக்ட்ரிக் கிதார் என்றால் அதுவே முதலாவது. ஆம்ப்ளிஃபயர் கிடையாது. வீட்டிலிருந்த வால்வு வானொலியின் பின்புறம் கிராமபோனுக்கென்று இருந்த துளையில் கம்பியைச் செருகி வாசித்தாராம். பழைய வானொலிகள் சிலவற்றில் உட்சட்டமே மின்சாரத் தொடர்போடு இருக்கும். அத்தகைய பெட்டியில் கிதாரைச் செருகினால் கம்பியைத் தொட்ட கையில் மின்சாரம் பாயலாம். நல்லவேளையாக அவருக்கு எதுவும் நேரவில்லை.

வாரம் ஒரு நாள் சைக்கிள் மிதித்து, நகரத்தில் மெல்லிசைக் குழு ஒன்றில் வாசித்த ஒருவரிடம் பாடம் கேட்டார். எட்டு மாதம். விரல் நுனிகள் வெடித்தன. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மீண்டும் அழுத்தினார். ஒரே விரலை ஆறு கம்பிகளின்மேலும் படுக்கவைத்து அழுத்த வேண்டிய இடத்தில் ஒரு நாளும் தெளிவான ஒலி வரவில்லை. ஆசிரியர் கடைசியில் சொன்னாராம்: "உனக்கு விரல் வரலை தம்பி. எல்லாருக்கும் எல்லாம் வந்துடாது." அன்று பரணேறியது கிதார்.

பெரியப்பா நூற்பாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். பணி முடித்து ஓய்வும் பெற்றார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் அவரை விட்டுப் போகவில்லை. அது வளர்ந்து குடும்பச் சொத்தாகவே ஆகிவிட்டது. என் தந்தை ஓவியம் கற்க ஆசைப்பட்டபோது, "நம்ம குடும்பத்துக்குக் கை வராது" என்றார். நான் இயற்பியல் எடுத்தபோது, "நம்ம ஆளுங்களுக்குக் கணக்கு வருமா?" என்றார். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேத்தி, "தாத்தா, பாட்டு கிளாஸுக்குப் போகட்டுமா?" என்று கேட்டபோதும் அதே பதில்தான். அவர் கடுமையானவர் அல்லர். தாம் பட்ட ஏமாற்றத்தை நாங்களும் பட வேண்டாம் என்ற அன்புதான் அப்படிப் பேசவைத்தது.

கல்லூரி விட்டதும் மாலை வேளைகளில் நான் ஒரு பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். மிக்சி, மேசை விசிறி, கோயில் திருவிழா ஒலிபெருக்கி எல்லாம் அங்கே வரும். ஒரு நாள் பரணைத் துடைக்க ஏறியவன் கிதாரைத் திருப்பிப் பார்த்தேன். கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் நான்கு திருகுகள் வைத்த ஒரு சிறிய தகடு. அதில் 'எஃகு வலுவூட்டிய கழுத்து, ஜப்பானில் செய்யப்பட்டது' என்னும் பொருள்பட ஆங்கில எழுத்துகள். கம்பெனியின் பெயர் எங்கும் இல்லை. பெயரில்லாத இந்தப் பொருளுக்குத் தாயும் தந்தையும் யார் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

எலெக்ட்ரிக் கிதாரின் பிறப்பே ஒரு வேடிக்கை. முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1932 இல், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில். மடியில் படுக்கவைத்து வாசிக்கும் ஹவாய் வகைக் கிதார் அது. ஜார்ஜ் பீச்சாம் உருவாக்கிய அதன் தோற்றத்தைப் பார்த்து மக்கள் அதை 'வறுவல் சட்டி' என்றே அழைத்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் அது இன்றைய வடிவத்துக்கு வந்துவிட்டது. ஆனால் விலையோ எளியவர் நெருங்க முடியாதது. 1954 இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விலை ஏறத்தாழ 250 டாலர்.

அந்த விலையை உடைக்கப் பிறந்தவைதாம் மலிவுக் கிதார்கள். நியூ ஜெர்சியில் நேதன் டேனியல் என்பவர் 1947 இல் டேன்எலெக்ட்ரோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். நல்ல மரத்துக்குப் பதில் மரச்சட்டத்தின்மேல் ஹார்டுபோர்டை ஒட்டினார். ஒலியை வாங்கும் பிக்கப்புக்குத் தனியாக மூடி செய்யாமல், உதட்டுச்சாயம் அடைக்கும் உலோகக் குழலையே வாங்கி அதனுள் காந்தத்தையும் செப்புச் சுருளையும் வைத்தார். 1960களின் தொடக்கத்தில் கிதார்ப் பெட்டியின் உள்ளேயே ஆம்ப்ளிஃபயரையும் ஒலிபெருக்கியையும் பொருத்திவிட்டார். பெட்டியைத் திறந்தால் கச்சேரி! சியர்ஸ் என்ற பெருங்கடை இதை 'சில்வர்டோன்' என்ற பெயரில் அஞ்சல் வழியாக, நாட்டுப்புறத்துப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும் விலையில் விற்றது.

ஜப்பானிலோ, போர் முடிந்த மறு ஆண்டான 1946 இல், டோக்கியோவில் ஓர் இசைக்கலைஞரும் ஒரு மின்பொறியாளரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனமே பின்னாளில் 'டைஸ்கோ' என்று பெயர் பெற்றது. 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் முதல் ஊருக்கு ஊர் பையன்களுக்குக் கிதார் வேண்டும்! அந்தப் பசிக்குக் கப்பல் கப்பலாக உணவு அனுப்பியவை ஜப்பானியத் தொழிற்சாலைகள். ஒரே கிதார், வாங்கும் வியாபாரி கேட்ட பெயரைத் தாங்கிப் போகும். சில சமயம் எந்தப் பெயரும் இல்லாமலே போகும். தேவை தணிந்ததும் தொழிற்சாலைகள் சரிந்தன. டைஸ்கோவை 1967 இல் காவாய் நிறுவனம் வாங்கிக்கொண்டது. டேன்எலெக்ட்ரோ 1969 இல் மூடப்பட்டது. சிகாகோவின் பழம்பெரும் ஹார்மனி நிறுவனமும் 1975 இல் கதவடைத்தது.

இந்த மலிவுக் கருவிகளை ஏளனம் செய்வது எளிது. ஆனால் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் முதல் எலெக்ட்ரிக் கிதார், 1959 இல் தந்தை வாங்கித் தந்த சுப்ரோ என்னும் எளிய கிதார்தான். சிகாகோவின் புளூஸ் பாடகர் ஹவுண்ட் டாக் டெய்லர் கடைசிவரை மலிவான ஜப்பானியக் கிதாரையே வாசித்தார்; அவருடைய இசையை வெளியிடுவதற்கென்றே 1971 இல் ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. இயற்பியல் மாணவர்கள் பெருமைப்பட ஒரு பெயரும் உண்டு. இங்கிலாந்தின் பிரையன் மே, மலிவுக் கிதார்கூட வாங்க வழியில்லாமல், 1963 இல் தம் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே ஒன்றைச் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், சுருள்வில்லுக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங், அலங்காரப் புள்ளிகளுக்கு அம்மாவின் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். உலகப் புகழ்பெற்ற குயின் இசைக்குழுவில் அவர் வாசித்தது அந்தக் கிதாரைத்தான். 2007 இல் வானியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

இதையெல்லாம் படித்தபின் எங்கள் ஊமையைச் சும்மா விட மனம் வரவில்லை. கடை முதலாளியிடம் அனுமதி பெற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மேசையில் கிடத்தினேன்.

எலெக்ட்ரிக் கிதாரின் உள்ளே பெரிய மந்திரம் எதுவும் இல்லை. 1831 இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான், நாம் இரண்டாம் ஆண்டில் படித்ததுதான். ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி அளவே பருமனுள்ள செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்றுகள். எஃகுக் கம்பி அதன் எதிரே அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது; சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. எஃகுக்குப் பதில் நைலான் கம்பி கட்டினால் இந்தப் பிக்கப்புக்குக் காது கேட்காது. எங்கள் கிதாரில் இரண்டு பிக்கப்புகள். மல்டிமீட்டரை வைத்தேன். முன்னது 5.8 கிலோ ஓம் காட்டியது, உயிருடன் இருக்கிறது. பின்னது எதையுமே காட்டவில்லை; எங்கோ அறுந்திருக்கிறது.

மூடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். சுருளின் வெளிமுனை, பெரிய ஒயருடன் சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்து அறுந்திருந்தது. உள்ளே அறுந்திருந்தால் முழுச் சுருளையும் புதிதாகச் சுற்ற வேண்டியிருக்கும். வெளிமுனையாதலால் பிழைத்தேன். இரண்டு சுற்றை மட்டும் பிரித்து, முனையின் எனாமலை மிக நுண்ணிய உப்புத்தாளால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்து, சால்டரிங் வைத்தேன். மீட்டரில் 6 கிலோ ஓம்! வால்யூம் கண்ட்ரோலில் அரை நூற்றாண்டுத் தூசி. கிளீனர் தெளித்து நாற்பது ஐம்பது முறை திருப்பியதும் கரகரப்பு நின்றது. ஜாக்கில் விட்டுப்போயிருந்த எர்த் ஒயரைச் சேர்த்தேன். கடையிலிருந்த ஆம்ப்ளிஃபயரில் செருகி, ஸ்குரூடிரைவரின் நுனியால் பிக்கப்பை மெல்லத் தட்டினேன். 'டொக்' என்றது. ஊமை வாய் திறந்துவிட்டது.

புதுக் கம்பிகள் வாங்கிப் பூட்டினேன். மீட்டிப் பார்த்தால் இனிய ஒலி. அழுத்திப் பார்த்தால் விரல் கதறியது! இரும்பு வேலி ஒன்றைக் கையால் வளைப்பதுபோல் இருந்தது. மிக்சியைத் தூக்கிப் பழகிய என் கைக்கே இந்த நிலை என்றால், 16 வயதுப் பையனின் விரல் என்ன பாடு பட்டிருக்கும்!

வீணையில் 'மெட்டு' என்று சொல்கிறோமே, கிதாரின் கழுத்தில் இருப்பவையும் அவைதாம். வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிப்பார்கள். தளர்ந்தால் மீண்டும் அமைத்துக்கொள்ளலாம். கிதாரில் அவை மரத்தில் அறையப்பட்டவை. ஆகவே மெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைக் கழுத்தின் சாய்வாலும், கீழே உள்ள குதிரையின் உயரத்தாலும், தலைப்பக்கம் கம்பிகள் அமரும் பள்ளங்களின் ஆழத்தாலும்தான் சரிசெய்ய வேண்டும். பன்னிரண்டாம் மெட்டில் இந்த இடைவெளி சுமார் 2 மில்லிமீட்டர் இருந்தால் வாசிக்கச் சுகம். பெரியப்பா நூற்பாலையில் வைத்திருந்த எஃகு அளவுகோலைக் கேட்டு வாங்கி அளந்தேன். ஐந்தரை மில்லிமீட்டர்!

பரணிலேயே கிடந்து கழுத்து வளைந்திருக்கலாம் அல்லவா? ஆறு கம்பிகளின் இழுவிசை சேர்ந்தால் நாற்பது கிலோவுக்கு மேல். அவ்வளவு பாரத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கினால் எந்த மரமும் சற்று வளையும். எனவே பெரியப்பாவிடமே கேட்டேன்: "அப்போ கம்பி எவ்வளவு உயரத்தில் இருந்தது பெரியப்பா?" அவர் யோசிக்கவே இல்லை. "ரெண்டு தீக்குச்சியை ஒண்ணுமேல ஒண்ணு வெச்சாலும் கம்பிக்கு அடியில தாராளமாப் போகும்டா. விளையாட்டா வெச்சுப் பார்த்திருக்கேன்."

ஒரு தீக்குச்சி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். இரண்டும் தாராளமாகப் போயின என்றால் நாலுக்கு மேல். தலைப்பக்கப் பள்ளங்களும் அரம் படாமல், தொழிற்சாலையில் விட்ட உயரத்திலேயே நின்றன. ஆக, கிதார் கப்பலிலிருந்து இறங்கும்போதே வாசிக்க முடியாத நிலையில்தான் இறங்கியிருக்கிறது.

இதில் வியப்பில்லை. மரத்தை அறுப்பதும் வண்ணம் பூசுவதும் இயந்திரம் விரைவில் முடிக்கும் வேலை. ஆனால் ஒவ்வொரு கிதாரையும் கையிலெடுத்து, பள்ளத்தை அராவி, கழுத்தின் சாய்வைப் பார்த்து, வாசித்துச் சோதிப்பது தேர்ந்த ஒருவரின் நேரம். விலையைக் குறைக்க வேண்டுமானால் முதலில் வெட்டப்படுவது அந்த நேரம்தான். விலை உயர்ந்த கிதாரை வாங்கும் வித்வானுக்குச் சீர்செய்த கருவி கிடைக்கிறது. ஒன்றும் அறியாத மாணவனுக்கோ சீர்செய்யாத கருவி கிடைக்கிறது. தேர்ந்தவனே வாசிக்கத் திணறும் கருவியைத் தொடங்குபவன் கையில் கொடுத்துவிட்டு, "வாசி பார்க்கலாம்" என்கிறோம்!

பரிகாரம் மிக எளியது. நான்கு திருகுகளையும் தளர்த்திக் கழுத்தைக் கழற்றினேன். கழுத்து அமரும் குழியின் உட்புற ஓரத்தில், தச்சர் தந்த ஒரு மில்லிமீட்டர் மரச்சீவலை வைத்து மீண்டும் பூட்டினேன். கழுத்து இம்மியளவு பின்னால் சாய்ந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சீவல் ஒரு மில்லிமீட்டர்தான் என்றாலும், குழியைவிடக் கழுத்து பல மடங்கு நீளமாதலால், தலைப்பக்கம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் பின்வாங்குகிறது. பன்னிரண்டாம் மெட்டில் கம்பி 2 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்கிறது. நெம்புகோல் தத்துவம்! பிறகு குதிரையை 2 மில்லிமீட்டர் இறக்கினேன். பாதித் தொலைவில் உள்ள பன்னிரண்டாம் மெட்டில் இன்னும் ஒரு மில்லிமீட்டர் குறைந்தது. தலைப்பக்கப் பள்ளங்களை ஊசி அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அராவினேன். மறுபடி அளந்தபோது இரண்டேகால் மில்லிமீட்டர். மரச்சீவலுக்குத் தச்சர் காசு வாங்கவில்லை.

கிதாரை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். முதலில் அவர் அதைத் தொட மறுத்தார். நான் அளவுகோலைக் கொடுத்தேன். ஃபிட்டர் கை அல்லவா, அளவுகோலை மறுக்காது. குனிந்து அளந்தார். முன்பு இருந்த அளவையும் சொன்னேன். வெகுநேரம் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடக்கையின் இரண்டு விரல்களை இரண்டாம் மெட்டில் வைத்து அழுத்தி, வலக்கைக் கட்டைவிரலால் ஆறு கம்பிகளையும் ஒருமுறை வருடினார். 1971 இல் கற்ற முதல் பாடமாம். ஆறு கம்பிகளும் ஒலித்தன, ஒன்றுகூடப் பிசிறவில்லை.

"அப்போ என் விரல்ல குத்தம் இல்லையா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லும் முன் அவரே தொடர்ந்தார். "மில்லுல நூல் அறுந்தா முதல்ல மெஷினைத்தான் பார்ப்போம். செட்டிங் சரியா இருக்கா, உருளை தேஞ்சிருக்கான்னு பார்த்துட்டுத்தான் ஆளைக் கேட்போம். முப்பது வருஷத்துக்கு மேல அதைத்தான் செஞ்சேன். இது ஒண்ணுக்கு மட்டும் மெஷினைப் பார்க்கத் தோணலையே." அவர் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. மாதிரி பார்க்கும் மேற்பார்வையாளரின் குரலாகத்தான் இருந்தது. அதுதான் என்னை உலுக்கியது.

இனி அவர் வாசிக்கக் கற்க முடியாது. மூட்டுவலியால் விரல்கள் மடங்குவதில்லை. ஆனால் அன்று மாலையே பேத்தியை அழைத்துச் சொன்னார்: "நீ கிளாஸுக்குப் போ. மாசத்துக்கு ஒருக்கா கம்பி உயரத்தை நான் பார்த்துக்கறேன்." அவள் போகிறாள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அளவுகோலும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறார். "கை வராது" என்ற பேச்சை அதன்பின் அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

மாணவ நண்பர்களே! கருவியைச் சரிசெய்துவிட்டால் எல்லோரும் வித்வான் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. கம்பி தாழ்ந்தபின்னும் விரல் நோகத்தான் செய்யும். பயிற்சிக்குக் குறுக்குவழி இல்லை. பெரியப்பா நல்ல கருவியில் கற்றிருந்தாலும் மேடை ஏறியிருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. அவருக்கு மறுக்கப்பட்டது வெற்றியன்று. நியாயமான ஒரு தேர்வு. அது கிடைக்காதபோது, தோல்வி எவருடையது என்றே தெரியாமல் போகிறது. தெரியாத தோல்வியை ஏழை எளியவர் தம் தலையில் எழுதிக்கொள்கிறார்கள். பிறகு அதைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொத்தாக விட்டுப் போகிறார்கள்.

நம் கல்லூரியில் படிப்போரில் பலர், வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு முதலாண்டின் ஆங்கிலப் பாடநூல் ஐந்தரை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும் கம்பிதான். எத்தனையோ பேர் அதை அழுத்திப் பார்த்து, விரல் நொந்து, "எனக்குப் படிப்பு வராது" என்று பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஆசிரியர் ஒருவர் அதே பாடத்தை ஒருமுறை தமிழில் விளக்கினால், மேல்வகுப்பு மாணவர் ஒருவர் தம் பழைய குறிப்பேட்டைத் தந்தால், அது ஒரு மில்லிமீட்டர் மரச்சீவல். பார்வைக்குச் சிறியது, ஆனால் கம்பி எவ்வளவு தாழ்கிறது என்று நான் அளந்து பார்த்திருக்கிறேன்.

ஆகவே, பக்கத்து இருக்கையில் இருப்பவர் திணறும்போது "உனக்கு வராது" என்று சொல்லும் முன், ஒரு அளவுகோலை எடுத்துக் கம்பியின் உயரத்தைப் பாருங்கள். உங்களுக்கே வரவில்லை என்றாலும் முதலில் அதையே செய்யுங்கள்.